வாளெடுக்காத வீரர் ஹோசே ரிசால்

ஒரு நாட்டின் விடுதலை வரலாற்றில் முதலிடம் பெறுவோர் பெரும்பாலும் படை நடத்தியவராகவோ ஆட்சிப் பொறுப்பேற்றவராகவோ இருப்பர். பிலிப்பைன்ஸ் மக்கள் தம் நாட்டின் முதற்பெரும் வீரராகப் போற்றும் டாக்டர் ஹோசே ரிசால் இவ்விரு வகையிலும் சேராதவர். அவர் ஒரு கண் மருத்துவர், நாவலாசிரியர், சிறுவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர். தம் நாட்டவர் ஆயுதம் ஏந்தி எழ முனைந்தபோது அதற்கு இசைவு தர மறுத்தவர். ஆயினும் அந்த எழுச்சிக்கே மூலவர் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, 1896 டிசம்பர் 30 அன்று, தம் 35ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அநீதியால் நசுக்குண்ட மக்கள் விடுதலை பெறுவதற்குப் படைக்கலம் வழியா, அன்றி அறிவும் ஒழுக்கமும் ஒற்றுமையும் வழியா என்னும் வினா அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. இரண்டாம் வழியையே அவர் தேர்ந்தார். அவ்வழி எளிதன்று என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறே காட்டுகிறது.

தீவுகளும் ஆட்சியும்

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ், 1565 முதல் ஸ்பெயின் நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டு மன்னர் இரண்டாம் பிலிப்பின் பெயரே இத்தீவுகளுக்கு இடப்பட்டது. மணிலாவில் ஆளுநர் அமர்ந்து ஆண்டார் எனினும், ஊர்களில் உண்மையான அதிகாரம் ஸ்பெயினிலிருந்து வந்த சமயச் சபைகளிடமே இருந்தது. பங்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் அவற்றின் கையில் இருந்தன. பரந்த விளைநிலங்களுக்கும் அச்சபைகளே உரிமையாளர். மக்கள் அந்நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து உழுதனர். குத்தகை ஆண்டுக்காண்டு உயர்ந்தாலும் முறையிட இடமில்லை. முறையிட்டவர் அரசுக்குப் பகைவர் என்று பெயர் பெற்றார்.

லகூனா மாநிலத்தில், மக்கிலிங் மலைக்கும் பெரிய ஏரிக்கும் இடையே அமைந்த கலாம்பா என்னும் ஊரில், 1861 ஜூன் 19 அன்று ரிசால் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ்கோ மெர்காடோ. தாயார் தெயோதோரா அலொன்சோ. பதினொரு மக்களுள் ரிசால் ஏழாமவர். ஆண்மக்கள் இருவரே, தமையனார் பசியானோ அவரினும் பத்தாண்டு மூத்தவர். தொமினிக்கன் சபைக்குரிய நிலத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்டு அக்குடும்பம் ஓரளவு வளத்துடன் வாழ்ந்தது. பெண்கள் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில் தாயார் நன்கு கற்றவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. ரிசாலுக்கு எழுத்தறிவித்த முதல் ஆசிரியர் அத்தாயாரே.

அவருடைய இளமை நினைவுக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. ஓரிரவு தாயார் விளக்கொளியில் சிறுவர் நூலொன்றைப் படித்துக் காட்டினார். விளக்கை நெருங்க வேண்டா என்று தாய் விட்டில் எச்சரித்தும், அதன் சொல் கேளாத இளவிட்டில் சுடரில் விழுந்து மடிந்த கதை அது. பெரியோர் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதே தாயார் உணர்த்த விரும்பிய நீதி. சிறுவனின் கண்களோ அப்போது விளக்கைச் சுற்றிப் பறந்த விட்டில்களிலேயே நிலைத்திருந்தன. ஒளியை நாடி உயிர் விட்ட அந்தச் சிற்றுயிரின் மீது அவனுக்கு இரக்கத்தினும் வியப்பே மிகுந்தது.

இளமையில் கண்ட இரண்டு அநீதிகள்

ரிசாலுக்குப் பத்து வயதான காலத்தில், உறவினர் குடும்பத்துப் பூசல் ஒன்றில் அவர் தாயார் மீது பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. தம் உடன்பிறந்தாரின் மனைவிக்கு நஞ்சிட முயன்றார் என்பது வழக்கு. குடும்பத்தின் மேல் மனக்கசப்புக் கொண்டிருந்த அதிகாரிகள், ஊரறிந்த அந்த அம்மையாரைச் சாந்தா குரூஸ் நகரச் சிறைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு நடத்தியே அழைத்துச் சென்றனர். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வீடு திரும்ப இரண்டாண்டுகளுக்கு மேலாயின.

அதே காலத்தில் நாட்டையே உலுக்கிய மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. 1872 ஜனவரியில் கவீத்தே படைத்தளத்தில் சிறு கலகம் ஒன்று மூண்டு அடக்கப்பட்டது. அதைத் தூண்டியவர் என்று கூறி, உள்நாட்டுக் குருமார்க்குச் சம உரிமை கேட்டு வந்த மரியானோ கோமெஸ், ஹோசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்னும் மூன்று பாதிரியாரையும் அரசு பிப்ரவரி 17 அன்று கழுத்தை இறுக்கிக் கொன்றது. தமையனார் பசியானோ அப்போது புர்கோஸ் பாதிரியாரின் மாணவராய் அவர் இல்லத்திலேயே தங்கியிருந்தவர். அக்குடும்பப் பெயருடன் பள்ளியில் சேர்ந்தால் தம்பிக்கும் தீங்கு நேரும் என்று அஞ்சிய அவர், ரிசால் என்னும் மற்றொரு குடும்பப் பெயரைப் பயன்படுத்தச் செய்தார். அப்பெயரே பின்னர் நிலைத்தது.

கல்வியும் கடற்பயணமும்

இயேசு சபையினர் மணிலாவில் நடத்திய அத்தேனியோ பள்ளியில் 1872 முதல் ரிசால் பயின்றார். கவிதை, ஓவியம், சிற்பம், மொழிகள் ஆகிய அனைத்திலும் சிறந்து விளங்கி 1877இல் உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். தம்மை உருவாக்கிய அவ்வாசிரியர்களிடம் அவர் கொண்ட நன்றி இறுதிவரை குறையவில்லை. பின்னர்ச் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் மருத்துவமும் பயின்றார். தாயாரின் கண்பார்வை மங்கி வந்ததே அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தமைக்குக் காரணமாயிற்று.

உள்நாட்டு மாணவரை இழிவாக நடத்திய அச்சூழலில் மேற்கல்வி பெற இயலாது என்று உணர்ந்த ரிசால், 1882 மே 3 அன்று பெற்றோர்க்கும் அறிவியாமல் கப்பலேறினார். சிங்கப்பூர், காலி, கொழும்பு, ஏடன் வழியாக அக்கப்பற்பயணம் ஐரோப்பாவை நோக்கி நீண்டது. இத்திட்டத்தை வகுத்தவரும் மாதந்தோறும் பணம் அனுப்பியவரும் தமையனார் பசியானோவே. தாம் மேற்கல்வியைக் கைவிட்டு நிலத்தில் உழைத்துத் தம்பியைப் படிக்க வைத்த அப்பெருந்தகையின் ஈகை, ரிசாலின் வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

மத்ரித் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 1884இல் மருத்துவத்திலும் 1885இல் மெய்யியல், இலக்கியத்திலும் தகுதி பெற்றார். அந்நாள்களில் வறுமை அவரை விட்டகலவில்லை. 1884 ஜூன் 25 அன்று பகல் முழுதும் உணவின்றிக் கிரேக்க மொழிப் போட்டியில் கலந்து பரிசு பெற்றார். அன்று மாலையே, ஓவியப் போட்டியில் வென்ற தம் நாட்டவரான ஹுவான் லூனா, பெலிக்ஸ் இதால்கோ ஆகியோர்க்கு நடந்த பாராட்டு விருந்தில் உரையாற்றினார். அறிவுத்திறன் எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமை அன்று என்பதே அவ்வுரையின் சாரம். அவ்வுரை மணிலாவிலிருந்த அதிகாரிகளின் ஐயத்துக்கு வித்திட்டது. பின்னர் அவர் பாரிசில் லூயி தெ வெக்கரிடமும், ஐடல்பெர்க்கில் ஓட்டோ பெக்கரிடமும் கண் மருத்துவத்தில் உயர்பயிற்சி பெற்றார். ஆஸ்திரியப் பேரரசின் லைட்மெரிட்ஸ் நகரப் பள்ளியாசிரியரும் பிலிப்பைன்ஸ் பற்றி ஆராய்ந்தவருமான பெர்டினாண்ட் புளூமென்ட்ரிட்டுடன் 1886இல் கடிதத் தொடர்பு கொண்டார். அந்நட்பு உயிர் உள்ளளவும் நீடித்தது.

கட்டப்படாத பள்ளியின் கதை

1886-87 குளிர்காலத்தில் பெர்லின் நகரில், பட்டினியோடும் நோயோடும் போராடியவாறே ரிசால் தம் முதல் நாவலை முடித்தார். அச்சிடப் பணமின்றிக் கையெழுத்துப் படியை எரித்துவிடவும் எண்ணிய வேளையில், நண்பர் மாக்சிமோ வியோலா 300 பெசோ கொடுத்து உதவினார். 1887 மார்ச்சில் 2000 படிகள் வெளிவந்தன. நாவலின் பெயர் ‘நோலி மே தாங்கேரே’. என்னைத் தொடாதே என்பது இலத்தீனில் அதன் பொருள். தொட்டாலே வேதனை தரும் ஒரு சமுதாயப் புற்றுநோயை மறைக்காமல் மருத்துவன்போல் வெளிக்காட்டுவதே அவர் நோக்கம்.

ஏழாண்டுகள் ஐரோப்பாவில் கற்றுத் திரும்பும் கிரிசோஸ்தமோ இபாரா என்னும் இளைஞன், தன் ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்ட விழைகிறான். அவன் யாரையும் வெறுப்பவன் அல்லன். ஆட்சியை எதிர்ப்பவனும் அல்லன். எனினும் அந்தப் பள்ளி எழவில்லை. அவன் ஈடுபடாத ஒரு கலகத்தில் அவனைச் சிக்கவைத்து நாட்டைவிட்டே துரத்துகின்றனர். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட தன் சிறு மகனைத் தேடித் தேடி அறிவு பேதலித்த சீசா என்னும் ஏழைத் தாயின் துயரமும் அக்கதையில் விரிகிறது. படித்தவர் ஒவ்வொருவரும் தம் ஊரையும் தம் அண்டை வீட்டையும் அதில் கண்டனர்.

நூல் தடை செய்யப்பட்டது. மறைவாகப் பலர் கைக்கும் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரிசால் துணிந்து தாயகம் திரும்பினார். ஆளுநர் தெரேரோ அவரை நேரிற்கண்டு, அவருடைய உயிருக்கு ஊறு நேராதவாறு ஹோசே தவியெல் தெ அந்திராதே என்னும் இளம் படையதிகாரியைக் காவலுக்கு அமர்த்தினார். அவ்விருவரும் நண்பராயினர். கலாம்பாவில் நோயாளிகட்குக் கண் மருத்துவம் செய்துகொண்டே, குத்தகை உழவரின் குறைகளைத் தொகுத்து அரசுக்கு அறிக்கையாக அனுப்பவும் ரிசால் துணைநின்றார். இதனால் பகை முற்றவே, சுற்றத்தாரின் நலங்கருதி 1888 பிப்ரவரியில் மீண்டும் நாட்டை விட்டுப் புறப்பட்டார்.

அயல்நாட்டில் ஆற்றிய அறிவுப்பணி

ஹாங்காங், ஜப்பான், அமெரிக்கா வழியாக இலண்டன் சேர்ந்த ரிசால், பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து, 1609இல் அந்தோனியோ தெ மோர்கா எழுதிய பிலிப்பைன்ஸ் வரலாற்றைப் படியெடுத்து விரிவான குறிப்புரை வரைந்தார். அயலார் வருமுன்னரே தம் மக்களுக்கு எழுத்தும் தொழிலும் வணிகமும் இருந்தன என்று நிறுவுவதே அதன் நோக்கம். தம் முன்னோரை அறியாத மக்கள் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணுவர் என்பது அவர் கருத்து. 1889இல் பார்சிலோனாவில் தொடங்கிய ‘லா சோலிதாரிதாத்’ இதழில், தம் மக்கள் சோம்பேறிகள் என்னும் பழிக்கு மறுப்பாக நீண்ட கட்டுரை எழுதினார். சோம்பல் பிறவிக்குணம் அன்று. உழைப்பின் பயன் உழைத்தவனுக்குக் கிட்டாத ஆட்சியின் விளைவே அது என்று சான்றுகளுடன் விளக்கினார்.

1888 டிசம்பரில் மாலோலோஸ் நகரப் பெண்கள் இருபதின்மர், தாங்கள் ஸ்பானிய மொழி கற்க இரவுப்பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தனர். இச்செய்தியை அறிந்த ரிசால், அவர்கட்கு இலண்டனிலிருந்து தாய்மொழியாகிய தகாலோகில் நீண்ட மடல் ஒன்று வரைந்தார். அடிமைத் தாயின் மடியில் விடுதலை பெற்ற மக்கள் வளர இயலாது என்றும், குழந்தையின் உள்ளத்தில் வாய்மையையும் தன்மதிப்பையும் விதைக்கும் பொறுப்பு அன்னையர்க்கே முதலில் உரியது என்றும் அதில் எடுத்துரைத்தார்.

இதற்கிடையே கலாம்பாவில் குத்தகை வழக்கு முற்றியது. நீதிமன்றம் சபைக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆளுநர் வெய்லர் படையை அனுப்ப, உழவர் குடும்பங்கள் பல வீடிழந்தன. ரிசாலின் பெற்றோரும் வெளியேற்றப்பட்டனர்; உறவினர் சிலர் தொலைத்தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். தாம் எழுதியதன் பலனைத் தம்மைச் சேர்ந்தோர் அனுபவிப்பதை அயல்நாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பெருந்துயராயிற்று.

அத்துயரின் நடுவே, பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில் 1891இல் அவர் இரண்டாம் நாவலான ‘எல் பிலிபஸ்தெரிஸ்மோ’ வெளிவந்தது. 1872இல் கொல்லப்பட்ட மூன்று பாதிரியார்க்கும் அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது. முதல் நாவலின் இபாரா இதில் சிமோன் என்னும் நகைவணிகனாக மாற்றுருவில் திரும்புகிறான். இம்முறை பள்ளி கட்டுவதற்கன்று; பழிவாங்குவதற்கு. திருமண விருந்தில் வெடிமருந்து நிறைத்த விளக்கொன்றை வைத்து ஆட்சியாளர் அனைவரையும் ஒருங்கே அழிக்கத் திட்டமிடுகிறான். இளைஞன் ஒருவன் அவ்விளக்கை எடுத்து ஆற்றில் எறிந்துவிட, திட்டம் தோற்கிறது. சாகுந்தறுவாயில் சிமோன் ஒரு நல்ல முதிய பாதிரியாரிடம் அடைக்கலம் புகுகிறான். வெறுப்பிலும் குற்றத்திலும் பிறக்கும் விடுதலை நிலைக்காது என்று அவனுக்கு உணர்த்தும் அம்முதியவர், அவன் இறந்தபின் அவனுடைய செல்வப் பேழையைக் கடலில் எறிந்துவிடுகிறார். வன்முறைக்குக் காரணமான கொடுமைகளை மறைக்காமல் காட்டிய அதே கை, வன்முறையை விடையாக ஏற்க மறுத்த இடம் இதுவேயாகும்.

திரும்பி வந்தவர்

1891 இறுதியில் ஹாங்காங்கில் குடும்பத்தாருடன் கூடிய ரிசால், அங்கே கண் மருத்துவராய்ப் புகழ்பெற்றார். தாயாரின் கண்ணிலும் தாமே அறுவை மருத்துவம் செய்தார். அமைதியும் வருவாயும் அங்கே கிட்டின. ஆயினும் தம் பொருட்டு ஊரார் துன்புறுகையில் தாம் மட்டும் பாதுகாப்பாக இருத்தல் தகாது என்று முடிவு செய்தார். தாம் இறந்தபின் திறக்குமாறு இரு கடிதங்களை முத்திரையிட்டு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு, 1892 ஜூன் 26 அன்று மணிலா வந்து இறங்கினார்.

ஜூலை 3 அன்று ‘லா லிகா பிலிப்பினா’ என்னும் சங்கத்தை நிறுவினார். மக்கள் ஒருவருக்கொருவர் துணையாதல், அநீதிக்குள்ளானோர்க்கு உதவுதல், கல்வி, வேளாண்மை, வணிகம் ஆகியவற்றை வளர்த்தல் என்பனவே அதன் குறிக்கோள்கள். மூன்றே நாள்களில் அவர் சிறைப்பட்டார். அவரை நாடுகடத்தும் ஆணை வெளியான ஜூலை 7 அன்று, சங்கத்தின் உறுப்பினருள் ஒருவரான ஆந்திரேஸ் போனிபாசியோ, அமைதி வழியில் நம்பிக்கையிழந்து, ‘கதிபுனான்’ என்னும் மறைமுகப் புரட்சி இயக்கத்தைத் தொடங்கினார். பிலிப்பைன்ஸ் வரலாற்றின் இரு பாதைகள் பிரிந்தது அன்றேயாகும்.

தபித்தானில் நான்கு ஆண்டுகள்

மிந்தனாவோ தீவின் வடகரையிலுள்ள தபித்தான் என்னும் சிற்றூரில் ரிசால் 1892 முதல் 1896 வரை நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தார். தண்டனைக்கென அனுப்பப்பட்ட அவ்விடத்தையே அவர் தம் கொள்கையின் சோதனைக்களமாக ஆக்கிக்கொண்டார். ஊரை அடுத்த தலிசாயில் நிலம் வாங்கித் தென்னையும் பழமரங்களும் பயிரிட்டார். மூன்று சிறுவருடன் ஒரு பள்ளி தொடங்கினார்; அத்தொகை பின்னர் இருபத்தொன்றாக உயர்ந்தது. கட்டணம் இல்லை, மாற்றாக மாணவர்கள் தோட்டத்தில் உழைத்தனர். மொழிகளும் கணக்கும் கைத்தொழிலும் நன்னடத்தையும் அங்கே கற்பிக்கப்பட்டன.

ஏழைகட்கு இலவசமாகவும் செல்வர்க்கு அவர்தம் தகுதிக்கேற்பவும் மருத்துவம் பார்த்தார். செல்வர் ஒருவர் தந்த கட்டணத்தைக் கொண்டு ஊர்த்தெருக்களில் விளக்குகள் அமைத்தார். தூய குடிநீர் கிடைக்காத அவ்வூருக்கு, ஊராரும் மாணவரும் துணைநிற்க, மலையோடையிலிருந்து நீர் கொணரும் கால்வாய் ஒன்றைக் கட்டினார். ஊர்ச்சதுக்கத்தில் மிந்தனாவோத் தீவின் மேடுபள்ளங்களைக் காட்டும் பெரிய நிலப்படத்தை மண்ணிலும் கல்லிலும் உருவாக்கினார். உழவர்கள் இடைத்தரகரிடம் சிக்காதிருக்கக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் ஏற்படுத்தினார். கண் மருத்துவம் நாடி அயல்நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கு வந்தனர். அவ்வாறு பார்வையிழந்த வளர்ப்புத் தந்தையுடன் 1895இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஜோசபின் பிராக்கன் என்னும் நங்கை, ரிசாலின் வாழ்க்கைத் துணையானார்.

1896 ஜூனில், போனிபாசியோ அனுப்பிய டாக்டர் பியோ வலென்சுவேலா, பார்வையற்ற ஒருவரை மருத்துவத்துக்கு அழைத்து வருவது போலத் தபித்தான் வந்தார். புரட்சிக்கு ரிசாலின் இசைவைக் கேட்பதும், அவரை மீட்டுச் செல்வதுமே உண்மை நோக்கம். ரிசால் இரண்டையும் மறுத்தார். படைக்கலமும் ஆயத்தமும் இன்றி எழுந்தால் மடிவோர் எளிய மக்களே என்று எடுத்துக்காட்டினார். தப்பியோடுவதில்லை என்று அதிகாரிகட்குத் தாம் தந்த சொல்லையும் மீறவில்லை.

வழக்கும் முடிவும்

கியூபாவில் அப்போது போரும் மஞ்சள் காய்ச்சலும் பலரை மாய்த்துக்கொண்டிருந்தன. அங்கே மருத்துவராகத் தொண்டாற்ற ரிசால் முன்வந்து விண்ணப்பித்திருந்தார். ஆளுநர் பிளாங்கோவின் இசைவு கிட்டவே, 1896 ஜூலை இறுதியில் தபித்தானை விட்டுப் புறப்பட்டார். அவர் மணிலாத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்த ஆகஸ்டு இறுதியில் கதிபுனான் புரட்சி வெடித்தது. செப்டம்பரில் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். வழியில் சிங்கப்பூரில் இறங்கித் தங்கிவிடுமாறு உடன்பயணி பெத்ரோ ரோஹாஸ் வற்புறுத்தினார். அது பிரித்தானியர் ஆண்ட இடமாதலால் ஸ்பெயினின் கை அங்கே எட்டாது. குற்றமற்றவன் ஓடி ஒளிதல் தகாது என்று கருதிய ரிசால் கப்பலிலேயே இருந்துவிட்டார். பார்சிலோனாவை அடைந்த அவரைச் சிறைப்படுத்தி, அதே வழியில் மணிலாவுக்குத் திருப்பியனுப்பினர்.

கதிபுனான் இயக்கத்தினர் ரிசாலின் படத்தைத் தம் கூட்ட அறையில் மாட்டியும், அவர் பெயரையே குறிச்சொல்லாகக் கொண்டும் இருந்தனர். இவையெல்லாம் அவர் அறியாமலே நிகழ்ந்தவை. எனினும் அவருக்கெதிரான சான்றுகளாயின. டிசம்பர் 15 அன்று சிறையிலிருந்து நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தம் பெயரால் நடக்கும் எழுச்சியைத் தாம் ஏற்கவில்லை என்றும், அனைவரும் வீடு திரும்புக என்றும், கல்வியாலும் உழைப்பாலும் தகுதி பெற்றே உரிமைகளை அடைதல் வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். அவர் விடுதலையைக் கைவிடவில்லை, காலத்தையும் முறையையுமே மறுக்கிறார் என்று கண்ட அதிகாரிகள் அவ்வறிக்கையை வெளியிடவேயில்லை.

டிசம்பர் 26 அன்று படைத்துறை மன்றம் அவரை விசாரித்தது. வழக்கறிஞரை அமர்த்தும் உரிமை மறுக்கப்பட்டு, படையதிகாரிகளின் பட்டியலிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் தேர்ந்த லூயிஸ் தவியெல் தெ அந்திராதே, ஒன்பதாண்டுகளுக்கு முன் அவருக்குக் காவலாயிருந்த அதிகாரியின் உடன்பிறந்தார் ஆவார். பகைநாட்டுப் படையுடை அணிந்த அந்த இளைஞர் மனச்சான்றுக்கு அஞ்சித் தம்மால் இயன்றவரை வாதிட்டார். எனினும் தீர்ப்பு முன்பே முடிவானது போன்றிருந்தது. புதிய ஆளுநர் பொலவியெஹா டிசம்பர் 28 அன்று மரண ஆணையில் கையொப்பமிட்டார்.

இறுதி நாளில் தாயாரும் சகோதரியரும் சிறைக்கு வந்து கண்டனர். புளூமென்ட்ரிட்டுக்கு எழுதிய கடைசி மடலில், கலகக் குற்றத்தில் தாம் தூயவர் என்றும் அமைதியான மனச்சான்றுடன் செல்வதாகவும் தெரிவித்தார். சகோதரி திரினிதாதிடம் ஒரு சிறு சாராய அடுப்பைக் கொடுத்து, அதனுள் ஒன்று இருப்பதாகக் காவலர்க்குப் புரியாத ஆங்கிலத்தில் மெல்லக் கூறினார். உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்த தாளில், ஸ்பானிய மொழியில் பதினான்கு பாக்கள் கொண்ட தலைப்பில்லாக் கவிதை ஒன்று இருந்தது. தாயகத்தினிடம் விடைபெறும் அக்கவிதை பின்னர் ‘மி உல்திமோ அதியோஸ்’, அதாவது என் இறுதி விடைபெறல், என்று பெயர் பெற்றது. அவ்விரவில் ரிசால் தம் பழைய கருத்துகளைத் துறந்து திருச்சபையுடன் ஒப்புரவானார் என்று இயேசு சபையினர் தெரிவித்தனர். அதற்குரிய ஆவணத்தின் உண்மை பற்றி அறிஞரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு.

மறுநாட் காலை ஏழு மணியளவில், பகும்பாயான் திடலில் அவர் நிறுத்தப்பட்டார். சுடும் வரிசையில் நின்றவர் அவருடைய நாட்டவரே. அவர்தம் பின்னால் ஸ்பானிய வீரர் துப்பாக்கியுடன் நின்றனர். நாடி பார்த்த படைமருத்துவர் அது இயல்பாகவே துடிப்பதைக் கண்டு வியந்தார். முன்னோக்கி நின்று சாக விரும்பிய அவர் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. துரோகிகளைப்போல் முதுகில் சுடுவதே ஆணை. குண்டு பாய்ந்த நொடியில் உடலைத் திருப்பி, வானை நோக்கி விழுந்தார். பாக்கோ கல்லறைத் தோட்டத்தில் பெட்டியும் பெயருமின்றிப் புதைக்கப்பட்ட இடத்தைத் தேடிக் கண்ட சகோதரி நர்சிசா, அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் பொறித்த கல்லை அடையாளமாக வைக்கச் செய்தார்.

அவர் விட்டுச்சென்றது

அவர் மரணம் எழுச்சியை அணைக்கவில்லை. மாறாக, தயங்கி நின்றோரையும் அதில் சேர்த்தது. தமையனார் பசியானோவே புரட்சிப் படையில் தளபதியானார். 1898 ஜூன் 12 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே குடியரசின் தலைவர் அகினால்தோ டிசம்பர் 30ஐ நாட்டின் துக்க நாளாக அறிவித்தார். ஆயினும் ஸ்பெயின் அத்தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைக்க, மீண்டும் போரும் மீண்டும் அயலாட்சியும் தொடர்ந்தன. 1902இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில், பிலிப்பைன்ஸ் மக்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றோர் என்று பலர் வாதிட்டபோது, ஹென்றி கூப்பர் என்னும் உறுப்பினர் ரிசாலின் இறுதிக் கவிதையின் மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டி அவர்களுக்கு விடையளித்தார். முழு விடுதலை 1946 ஜூலை 4 அன்றுதான் கைகூடியது.

ரிசாலின் எலும்புகள் 1912 டிசம்பர் 30 அன்று, அவர் சுடப்பட்ட திடலிலேயே அடக்கம் செய்யப்பட்டன. அதன்மேல் சுவிட்சர்லாந்துச் சிற்பி ரிச்சர்ட் கிஸ்லிங் வடித்த நினைவுச்சின்னம் மறுவருடம் திறந்துவைக்கப்பட்டது.

அவரைப் பற்றிய விவாதமும் ஓயவில்லை. புரட்சியை மறுத்தவரை நாட்டின் முதல் வீரராகக் கொள்வது பொருந்துமா, தொழிலாளர் குடியிற் பிறந்து புரட்சியை நடத்திய போனிபாசியோ அன்றோ அவ்விடத்துக்கு உரியவர் என்று கேட்போர் உளர். அமெரிக்க ஆட்சியாளர் தமக்கு ஏற்றவர் என்றே ரிசாலை முன்னிறுத்தினர் என்று 1969இல் வரலாற்றறிஞர் ரெனாத்தோ கான்ஸ்டான்டினோ வாதிட்டார். இவ்வினாக்களைப் புறந்தள்ள இயலாது. அதே வேளையில், அமெரிக்கர் வருமுன்னரே மக்கள் அவரை நெஞ்சில் ஏற்றியிருந்தனர் என்பதும், ஆயுதம் வேண்டா என்றவர் அநீதியோடு ஒருபோதும் சமரசம் செய்துகொள்ளவில்லை என்பதும் உண்மைகளே. மும்முறை தப்பிக்க வழியிருந்தும் அவர் தப்பவில்லை: ஹாங்காங்கில் தங்கியிருக்கலாம்; தபித்தானிலிருந்து வெளியேறியிருக்கலாம்; சிங்கப்பூரில் இறங்கியிருக்கலாம். பிறர் குருதியைச் சிந்தத் தயங்கியவர் தம் உயிரைக் காத்துக்கொள்ளவும் முனையவில்லை.

1956 ஜூன் 12 அன்று பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தின் சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. திருச்சபையினரின் கடும் எதிர்ப்பைத் தாண்டி நிறைவேறிய அச்சட்டப்படி, ரிசாலின் வாழ்க்கையும் இரு நாவல்களும் நாட்டின் எல்லாப் பள்ளி, கல்லூரிகளிலும் பாடமாயின. ஒரு காலத்தில் கையில் வைத்திருந்தாலே சிறை என்றிருந்த அந்நூல்களை இன்று ஒவ்வொரு மாணவரும் வகுப்பறையில் அமர்ந்து படிக்கின்றனர். கதையில் இபாராவால் கட்ட இயலாத பள்ளியைத் தபித்தானில் சிறு அளவில் ரிசால் தாமே கட்டினார். எஞ்சிய பணியை அவர் நாட்டு மக்கள் தொடர்ந்து செய்துவருகின்றனர்.